இரண்டாவது டீம்

நிலானி: அக்கா, மணி மூணரை ஆகப் போகுது. எழுந்திரிக்கப் போறியா இல்லையா?

தாரா: ஒரு நிமிஷம் லா. ஒரு டீமைக் காணோம்.

நிலானி: என்ன டீம்?

தாரா: எண்பத்தி மூணுல பதினாலாவதா வந்திருக்கு. எண்பத்தி நாலுல ஆளே இல்ல. மேலயும் போகல, கீழயும் போகல. லீக்கை விட்டே காணாமப் போச்சு.

நிலானி: நாலு மணிக்கு கிள்ளான்ல இருந்து உன்னைப் பொண்ணு பாக்க ஆள் வராங்க. நீ என்னடான்னா நாப்பது வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனில தொலைஞ்ச டீமைத் தேடிட்டிருக்க.

தாரா: ஜெர்மன் கால்பந்துக் கணக்கு எழுதறது தானே என் வேலை, நாளைக்கு காலைல ஆபீஸ்ல இந்தச் சார்ட்டைக் குடுத்தாகணும். ஒரு டீம் குறைஞ்சாலும் கணக்கு... ஆ! கிடைச்சிருச்சு. பக்கத்து ஊர் கிளப்போட சேர்ந்து பேரை மாத்திக்கிட்டாங்க.

நிலானி: பாத்தியா? டீமுக்கே கல்யாணம் ஆயிடுச்சு. உனக்கு?

தாரா: வந்துட்டா, கல்யாணம் பேசற ரமணி ஆன்டியோட வக்கீல்.

அம்மா: நிலா! அங்க என்ன கதை? உன் அக்கா வெளிக்கிட்டாச்சா?

நிலானி: ஓம் அம்மா, சாரி எடுத்துட்டிருக்கா!

அம்மா: எது? அந்த மாம்பழக் கலரா?

நிலானி: ஓம்... மாம்பழம் தான்!

தாரா: பொய் சொல்றதுக்கு உனக்குக் கூச்சமே இல்ல.

நிலானி: பொய்யை உண்மையாக்கு. எழுந்திரு. உனக்குத் தெரியாதா, ரமணி ஆன்டிக்குப் பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து கிள்ளான் வரைக்கும் ஒரு யாழ்ப்பாண வீடு விடாம அத்துப்படி. அவங்க சலிச்சு எடுத்த மாப்பிள்ளை. பேரு ஜீவன். இன்ஜினியர். ஷா ஆலம்ல வேலை. குடிக்க மாட்டாராம்.

தாரா: போன தடவை வந்தவரும் குடிக்க மாட்டாருன்னு தான் சொன்னாங்க. வந்து உக்காந்து மூணு கிளாஸ் தே தாரிக் டீ குடிச்சார்.

நிலானி: சிரிக்க வைக்காத. மூணு பேரை வேணாம்னு அனுப்பிட்ட. மூணு பேரும் நல்லவங்க. ஒருத்தர்கிட்டயாவது ஒரு குறை சொன்னியா? இல்ல. 'எனக்கு இப்ப வேணாம்'. அவ்வளவுதான்.

தாரா: ம்.

நிலானி: 'ம்' இல்ல. என் ஷான் ஜனவரில ஜெர்மனிக்கு, ஸ்டுட்கார்ட் போறான். அவன் அம்மா தெளிவா சொல்லிட்டாங்க. மூத்தவளை வீட்டுல வச்சுக்கிட்டு இளையவளை எடுக்கிற வழக்கம் எங்க குடும்பத்துல இல்லன்னு. குடும்பம், ஊர், முறை, எல்லாத்தையும் கண்ணாடி போட்டுப் பாக்கிற ஆளு அவங்க. நீ இன்னைக்கு ஒரு ஓம் சொன்னா என் கதை நகரும். இல்லன்னா அவன் அங்க, நான் இங்க.

தாரா: தெரியும், நிலா.

நிலானி: தெரிஞ்சா எழுந்திரு.

தாரா: இந்த ஒரு கோட்டை மட்டும் போட்டுக்கிறேன். அந்த ஸ்கேலை எடு.

நிலானி: கடவுளே... சரி, இந்தா. இதென்ன இது, சுவர் முழுக்க? நேத்து ராத்திரி பாதி தானே இருந்துச்சு?

தாரா: வளர்ந்துடுச்சு.

நிலானி: ரமணி ஆன்டி அன்னைக்கு வந்து இதைப் பாத்துட்டு அம்மாகிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? 'தாரா இப்ப சாதகம் எல்லாம் பாக்கிறாளா'ன்னு. கட்டம் கட்டமா இருக்குல்ல.

தாரா: அதனாலதான் அம்மா ரெண்டு நாளா என்னைப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறாங்களா?

நிலானி: அம்மா அதைவிட மோசம். நீயே உனக்குப் பொருத்தம் பாக்க ஆரம்பிச்சுட்டன்னு அப்பாகிட்டச் சொல்லிட்டாங்க. அப்பா ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தார். 'இதுல செவ்வாய் எங்க இருக்கு'ன்னு கேட்டார்.

தாரா: செவ்வாய் இல்ல அது. ஓபர்லீகா பாடன்-வூர்ட்டம்பெர்க்.

நிலானி: இந்தப் பேரைச் சொல்றப்ப மட்டும் உன் குரல் மாறுது. கோயில்ல தேவாரம் பாடற குரல். லீகான்னா நம்ம மலாய்ல லீக்குக்குச் சொல்ற லீகாவா?

தாரா: அவங்களும் லீகான்னு தான் சொல்றாங்க.

நிலானி: யார் யார்கிட்ட எடுத்தாங்க?

தாரா: ரெண்டு பேரும் வேற யார்கிட்டயோ. ஓபர்னா 'மேல'. மேல் லீக்.

நிலானி: அப்ப இதுதான் உச்சி. டிவில வர்ற பெரிய பெரிய டீம் எல்லாம் இதுல தான் ஆடுது.

தாரா: இல்ல. இது அஞ்சாவது படி.

நிலானி: மேல்னு பேரு வச்சுட்டு அஞ்சாவதா? ஜெர்மன்காரனுக்கு எண்ணத் தெரியாதா?

தாரா: அதுதான் கதையே. உனக்கு நேரம் இருக்கா?

நிலானி: இல்ல. சீக்கிரம் சொல்லு. சொல்லிக்கிட்டே தலையைக் காட்டு, சீவி விடறேன்.

தாரா: ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்சப்ப நாடு முழுக்க ஒரே லீக்னு ஒண்ணு கிடையாது. வடக்கு, தெற்கு, மேற்குன்னு அஞ்சு இடத்துல அஞ்சு ஓபர்லீகா. அப்ப அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. நிஜமாவே மேல். மெதுவா இழு!

நிலானி: சிக்கு. ஒரு வாரமா சீப்பையே தொடலியா? சரி, அப்புறம்?

தாரா: அறுபத்தி மூணுல தலைக்கு மேல புண்டஸ்லீகான்னு நாடு முழுக்க ஒரே லீக் வந்துச்சு. பழைய ஓபர்லீகா அதோட போச்சு. எழுபத்தெட்டுல அதே பேரை எடுத்து மூணாவது படிக்கு வச்சாங்க. இந்தச் சார்ட் அந்த வருஷத்துல ஆரம்பிக்குது. தொண்ணூத்தி நாலுல நடுவுல ஒரு லீக்கைச் சொருகினாங்க. இது நாலாவது ஆச்சு. ரெண்டாயிரத்து எட்டுல இன்னொண்ணைச் சொருகினாங்க. அஞ்சாவது ஆச்சு.

நிலானி: அப்ப இது தோத்துத் தோத்துக் கீழ வரல.

தாரா: ஒரு மேட்ச்கூடத் தோக்கல. லீக் எப்படித் தோக்கும்? பத்துமலைப் படியை நினைச்சுக்கோ. நீ பாட்டுக்கு ஒரு படியில நிக்கிற. மேல கோயிலைத் தூக்கிட்டு நடுவுல பத்துப் படி கட்டினா...

நிலானி: நான் நகரவே இல்ல. ஆனா கோயில் தூரமாப் போயிடுச்சு.

தாரா: அதான்.

நிலானி: அக்கா... இது அப்பா.

தாரா: என்ன?

நிலானி: அப்பா முப்பது வருஷம் அதே நாற்காலி தானே? தலைமை கிளார்க். அவருக்கு மேல புதுசு புதுசா ஆபீசர் போஸ்ட் வந்துச்சு. இவரு அதே சட்டை, அதே கையெழுத்து. ரிட்டையர் ஆகிப் போறப்ப எத்தனாவது படியில இருந்தார்னு அவருக்கே தெரியாது. ஆனா கடைசி வரைக்கும் கதவுல 'தலைமை'ன்னு போர்டு இருந்துச்சு.

தாரா: அப்பாவா?

நிலானி: ஆமா. தப்பா சொல்லிட்டேனா?

தாரா: மூணு வருஷமா இதைப் பாத்துட்டிருக்கேன். எனக்கு இது தோணல.

நிலானி: நான் மக்கு தான், ஆனா அப்பப்ப வெளிச்சம் வரும். இது என்ன, இந்த மூணு பெட்டி கீழ தனித்தனியா?

தாரா: அதை மட்டும் கேக்காத. கேட்டா நாலு மணி ஆயிடும்.

நிலானி: சொல்லு லா.

தாரா: ஒரே மாநிலம். ஆனா பந்துக்கு மூணு சங்கம். பாடன், தெற்கு பாடன், வூர்ட்டம்பெர்க். மூணு சங்கத்துக்கும் மூணு லீக். மூணுலயும் முதலா வர்றவங்க ஏறி இந்த ஓபர்லீகால வந்து சேர்றாங்க.

நிலானி: ஒரே மாநிலத்துக்கு எதுக்கு மூணு?

தாரா: சண்டை முடிஞ்சதும் அமெரிக்காக்காரனும் பிரெஞ்சுக்காரனும் அந்தத் தெற்குப் பக்கத்தைப் பிரிச்சுக்கிட்டாங்க. அமெரிக்காக்காரன் சொன்னான், எனக்கு அந்தப் பெரிய சாலை முழுசா வேணும்னு. லோரி போக, படை போக. அதனால சாலை போற ஊரெல்லாம் அவன் பக்கம். அதுக்குத் தெற்கே பிரெஞ்சுக்காரன். பாடன்னு ஒரு நாடு, நடுவுல ரெண்டாப் போச்சு.

நிலானி: ஃபெடரல் ஹைவேக்கு அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒருத்தன்.

தாரா: அப்படியே. அம்பத்திரண்டுல எல்லாத்தையும் சேர்த்து ஒரே மாநிலமாக்கிட்டாங்க. மேப்புல அந்தக் கோடும் போயிடுச்சு. ஆனா பந்து சேரல. எண்பது வருஷம் ஆகப் போகுது, நிலா. போன வாரம் ஒரு சின்னப் பையன் பதினெட்டு வயசுல முதல் கோல் போட்டான். அதை நான் எந்தப் பக்கத்துல எழுதணும்ங்கிறதை என்னைக்கோ ஒரு பட்டாளத்துக்காரன் மேப்புல ஸ்கேல் வச்சு முடிவு பண்ணிட்டான்.

நிலானி: எனக்குப் புல்லரிக்குது. பாரு, கையைப் பாரு.

தாரா: எனக்குத் தினமும்.

அம்மா: நிலா! கட்லெட் எத்தனை பொரிக்கட்டும்? அவங்க அஞ்சு பேர் வராங்களாம்!

நிலானி: இருபது போதும் அம்மா!

அம்மா: இருபதா? அந்தப் பிள்ளைக்கு ஒரு மாமா இருக்கார், உயரமா. முப்பது பொரிக்கிறேன்!

தாரா: மாமாவோட உயரத்துக்கும் கட்லெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிலானி: அம்மாவோட கணக்கு. நீ பேச்சை மாத்தாத. ஒண்ணு கேக்கிறேன். இது எவ்வளவு கீழ வரைக்கும் போகுது? அஞ்சுக்குக் கீழ?

தாரா: ஊருக்கு ஊர் மாறும். பத்து, பதினொண்ணு படி. நாடு முழுக்க இருபத்தி நாலாயிரம் கிளப்புக்குக் கிட்ட.

நிலானி: இருபத்தி நாலாயிரமா!

தாரா: எல்லாம் ஒரே ஏணி. ரொட்டிக்கடைக்காரரும் தபால்காரரும் ஞாயித்துக்கிழமை ஆடற டீம் கூட, வருஷா வருஷம் ஜெயிச்சுட்டே வந்தா உச்சிக்குப் போகலாம். 'நீ இவ்வளவுதான்'னு யாரும் கதவைச் சாத்த முடியாது.

நிலானி: சும்மா. பேச்சுக்குச் சொல்றது. யாரும் போயிருக்க மாட்டாங்க.

தாரா: இதோ பாரு, இந்தச் சிவப்புக் கோடு. ஹைடன்ஹைம்னு ஒரு ஊர். நம்ம கிள்ளானோட ஒரு மூலைக்குள்ள அடங்கிடும். ரெண்டாயிரத்து எட்டுல இந்த ஓபர்லீகால இருந்தாங்க. ரெண்டாயிரத்து இருபத்தி மூணுல...

நிலானி: ம்?

தாரா: விரலை வச்சுக் கோடு போற வழியே போ.

நிலானி: மேல... மேல... இங்க வளையுது... மேல... அய்யோ. முதல் படி!

தாரா: பதினஞ்சு வருஷம். கடைசி மேட்ச் அன்னைக்கு, நேரம் முடிஞ்சு கூட்டிக் குடுத்த நிமிஷத்துல ரெண்டு கோல். அதுல தான் ஏறினாங்க. ஆபீஸ்ல நான் அழுதுட்டேன். சூப்பர்வைசர் வீட்டுல யாருக்கும் ஏதாவது ஆயிடுச்சான்னு கேட்டார்.

நிலானி: நீ என்ன சொன்ன?

தாரா: ஆமான்னு சொல்லிட்டேன். அரை நாள் லீவு குடுத்தார்.

நிலானி: அக்கா! நீ எல்லாம்... நான் நினைச்சேன் நீ சும்மா நம்பரை டைப் பண்றன்னு. ஜெர்மன் கிளாஸுக்குப் போனப்ப அப்பா கேட்டாரே, 'இதைப் படிச்சு பாசார் சந்தைல என்ன வாங்கப் போறே'ன்னு. நூறு பேர் பாக்கிற மேட்ச்சை எல்லாம் இங்க பிரிக்பீல்ட்ஸ்ல ஒருத்தி உக்காந்து எழுதி வைக்கிறாள்னு அங்க ஆடறவங்களுக்குத் தெரியுமா?

தாரா: எதுக்குத் தெரியணும்? எழுதி இருக்கில்ல, அது போதும்.

நிலானி: நான் ஸ்டுட்கார்ட்டுக்குப் போனா இதெல்லாம் நேர்ல பாப்பேனா?

தாரா: பஸ்ல ஏறினா அரை மணியில ஒரு மைதானம். வேலி ஓரமா நின்னு பாக்கலாம். எனக்காக ஒரு தடவை போயி நில்லு.

நிலானி: போனா தானே. நீ தானே விடணும். சரி, இந்த டீம் பேருக்குப் பின்னால ரெண்டு கோடு போட்டிருக்கியே, அது என்ன?

தாரா: எங்க?

நிலானி: இங்க. இங்கயும். பேரு, அப்புறம் ரெண்டு கோடு.

தாரா: அது... ரோமன் ரெண்டு. ரெண்டாவது டீம். சாரியை எடு, கட்டிக்கிறேன்.

நிலானி: இப்ப மட்டும் என்ன அவசரம்? ரெண்டாவது டீம்னா?

தாரா: ஒரு கிளப்புக்கு ஒரு முதல் டீம் இருக்கும். அதே கிளப்புக்கு இளசா இன்னொரு டீம். அதே ஜெர்சி, அதே மைதானம். வேற லீக்ல ஆடுவாங்க.

நிலானி: இவங்களும் ஏறலாமா?

தாரா: ஏறலாம்.

நிலானி: உச்சி வரைக்கும்?

தாரா: இல்ல.

நிலானி: இப்பதானே யாரும் கதவைச் சாத்த முடியாதுன்ன?

தாரா: இவங்களுக்கு மட்டும் ஒரு சட்டம். முதல் டீமும் ரெண்டாவது டீமும் ஒரே லீக்ல இருக்கக் கூடாது. முதல் டீம் அஞ்சாவது படியில இருந்தா, ரெண்டாவது டீம் ஆறாவதுல சாம்பியனே ஆனாலும் மேல வர முடியாது.

நிலானி: ஜெயிச்சாலுமா?

தாரா: ஜெயிச்சாலும். அடுத்து வந்தவங்க ஏறிப் போவாங்க. இவங்க அங்கயே.

நிலானி: அநியாயமா இருக்கே.

தாரா: இன்னொண்ணும் இருக்கு. முதல் டீம் தோத்துக் கீழ இறங்கி, ரெண்டாவது டீம் இருக்கிற லீக்குக்கே வந்துட்டா, ரெண்டாவது டீம் இடத்தை விட்டு இன்னும் கீழ இறங்கணும். அவங்க ஒரு தப்பும் பண்ணலன்னாலும்.

நிலானி: இதை எந்த ஊர் மாமியார் எழுதினாங்க?

தாரா: நிலா...

நிலானி: இல்ல, நிஜமாக் கேக்கிறேன். மூத்தது போகாம இளையது போகக் கூடாது. இதை ஷான் அம்மா தான் கண்டுபிடிச்சாங்கன்னு நினைச்சேன். ஜெர்மன்காரன் சட்டமாவே போட்டு வச்சிருக்கானே! அக்கா, அது நான். அந்த ரெண்டு கோடு நான் தான்.

தாரா: அழாத. மை கலையும்.

நிலானி: அழல. ஆச்சரியமா இருக்கு. ஏற முடியாதுன்னு தெரிஞ்சும் அவங்க எதுக்கு ஆடறாங்க?

தாரா: எனக்கும் தெரியல. நேத்துக்கூட ஒரு ரெண்டாவது டீம் ஆறு கோல் போட்டுச்சு. எதுக்குன்னு நானும் ரொம்ப நேரம் திரையைப் பாத்துட்டே இருந்தேன்.

நிலானி: அப்ப அந்த முதல் டீமுக்கு இது தெரியுமா? தான் நிக்கிறதால தான் பின்னால இருக்கிறது நிக்குதுன்னு?

தாரா: தெரியும். நல்லாத் தெரியும்.

நிலானி: தெரிஞ்சுமா சும்மா நிக்குது?

தாரா: சும்மா நிக்குதுன்னு உனக்கு யார் சொன்னா?

அம்மா: தாரா! அவங்க பக்கத்துப் பந்தாய் ஏரியா தாண்டிட்டாங்களாம்! அப்பா பூ வாங்கப் போனவர் இன்னும் காணோம்! போன் அடிச்சா எடுக்கிறாரில்ல!

தாரா: வந்துடுவார் அம்மா! பூக்கார அக்காகிட்ட பேரம் பேசிட்டிருப்பார்!

நிலானி: பந்தாயா? பத்து நிமிஷத்துல வந்துடுவாங்க. அக்கா, கெஞ்சிக் கேக்கிறேன். ஜீவனைப் பிடிக்கலன்னா அப்புறம் பாத்துக்கலாம். இன்னைக்கு ஓம்னு மட்டும் சொல்லு. நிச்சயம் முடியட்டும். எனக்கு ரெண்டு மாசம் போதும்.

தாரா: ஒரு மனுஷனை ரெண்டு மாசம் ஏமாத்தச் சொல்றியா?

நிலானி: அப்ப நிஜமாவே ஓம் சொல்லு!

தாரா: என்னால ஓம் சொல்ல முடியாது, நிலா. பிடிக்கல, வேணாம்னு இல்ல. முடியாது.

நிலானி: ஏன்?

தாரா: ப்ளீட்டைப் பிடி. விழுது.

நிலானி: ஏன்னு கேக்கிறேன்!

தாரா: கத்தாத. உனக்கு எத்தனை நாள் இருக்கு? சரியா சொல்லு.

நிலானி: எங்க இருக்கு? வர்ற புதன்கிழமை எம்பசில விசாவுக்கு நாள் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள வீட்டுல ஒரு வார்த்தை...

தாரா: என்ன விசா?

நிலானி: ஷான் கூடப் போற விசா.

தாரா: மனைவி விசாவா?

நிலானி: ஆமா... பின்ன?

தாரா: அதுக்கு என்ன என்ன பேப்பர் கேப்பாங்க?

நிலானி: பாஸ்போர்ட், போட்டோ, அப்புறம்... அக்கா, இந்த ஊக்கு எங்க குத்தணும்?

தாரா: நிலா, என் வேலையே இதுதான். நாலு வரி இருக்கிற இடத்துல அஞ்சாவது வரி காணோம்னா எனக்குக் கண்ணுல படும். கல்யாணச் சர்ட்டிபிகேட் இல்லாம அந்த நாள் குடுக்க மாட்டாங்க. சொல்லு.

நிலானி: மெதுவாப் பேசு!

தாரா: சொல்லு லா. அம்மா அடுப்படில தான் இருக்காங்க.

நிலானி: செப்டம்பர்ல. புத்ராஜெயால. ஷான் அரை நாள் லீவு போட்டான், நான் பல் வலின்னு சொன்னேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்து நாசி லெமாக் சாப்பிட்டோம்.

தாரா: ரெஜிஸ்டர் பண்ணிட்டியா?

நிலானி: பேப்பருக்குத் தான் அக்கா! விசா எடுக்க மாசக்கணக்கா ஆகும்னாங்க. கோயில்ல தாலி கட்டினா தானே கல்யாணம்? எல்லாரும் முதல்ல ரெஜிஸ்டர் பண்ணிட்டு, அப்புறம் தானே கோயில்? நானும் அப்படித் தான்... வீட்டுக்குச் சொல்லல, அவ்வளவுதான்.

தாரா: அதுக்கு முன்னாடி இருபத்தொரு நாள் உங்க ரெண்டு பேரு பேரையும் ரெஜிஸ்டர் ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல ஒட்டி வச்சிருப்பாங்களே.

நிலானி: ஒவ்வொரு நாளும் செத்தேன். ரமணி ஆன்டிக்குப் புத்ராஜெயால ஒரு தங்கச்சி இருக்காங்க. யாரும் பாக்கல. யாரு போயி அந்த போர்டைப் பாக்கிறாங்க?

தாரா: யாரும் பாக்கிறதில்ல. உண்மை.

நிலானி: நீ ஏன் சிரிக்கிற? திட்டு. அடி. நான் பண்ணது பெரிய தப்பு.

தாரா: செப்டம்பர் எத்தனாம் தேதி?

நிலானி: பன்னெண்டு. தேதி எதுக்கு? அதையும் சார்ட்டுல எழுதப் போறியா?

தாரா: இல்ல... சும்மா.

அம்மா: தாரா! நிலா! கீழ கார் வந்துட்டுது! லிப்ட்டுக்குப் போயிட்டினம்! அப்பாவும் பூவோட கூட வாறார்!

நிலானி: அய்யோ. அக்கா, என்னைப் பாரு. உனக்கு முன்னாடி போயிட்டேன். ஒரே வீட்டுல, ஒரே ரூம்ல, உன் பக்கத்துல படுத்துக்கிட்டே உன்னைத் தாண்டிப் போயிட்டேன். நான் முறை தப்பிட்டேன், அக்கா.

தாரா: கண்ணைத் துடை. தப்பல, நிலா. மார்ச் மாசமே கிள்ளான் நோட்டீஸ் போர்டுல என் பேரும் இருபத்தொரு நாள் தொங்குச்சு, அவர் பேருக்குப் பக்கத்துல; அது முடிஞ்சதும் நாங்களும் கையெழுத்துப் போட்டுட்டோம். எங்க ஆபீஸ்ல வடக்கு ஜெர்மனி அவர் பொறுப்பு. யாழ்ப்பாணத்து ஆள் இல்ல, கேரி தீவு எஸ்டேட்ல பிறந்து வளர்ந்தவர். அது தெரிஞ்சா ஷான் வீட்டுல உன் கதை அன்னைக்கே நின்னுடும், நீ முதல்ல போயிடு, அப்புறம் சொல்லிக்கலாம்னு உனக்காகத் தான் நான் நின்னுட்டிருந்தேன்.